எழுதலாம், வாசிக்க வேணுமே

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை கெடுத்தவன் நான். இன்னொருமுறை அதில் கை வைக்க விருப்பமில்லை. எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அன்ரி என்றே இருக்கட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேன் ஓட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் நாற்பது வீடுகள். எங்கள் தோட்டத்துக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. மாதம் மாதம் சந்தா. ஒரு வீட்டில் சாவு என்றால் பெட்டி, கூடாரம், கதிரை, வெள்ளைக்கொடி, குழி வெட்டும் கூலி எல்லாவற்றையும் சங்கம் பார்க்கும். அன்ரி அதன் தனாதிகாரி. காசு அவர் பொறுப்பு. புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் முப்பது வருடம் பில் எழுதியவர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் கணக்கு வாசிப்பார் என்று பயம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, இரண்டாம் பூசை முடிய, கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கூட்டம். அன்ரி எழும்பி நிற்பார். நூல் கட்டிய கண்ணாடியைப் போடுவார். வாசிப்பார்.

"வெள்ளைத் துணி, மூண்டு யார் நீளம். சணல் கயிறு, ஒரு பந்து. கதிரை ஏத்தி இறக்கின கூலி, ரெண்டு பேருக்கு. தேத்தண்ணி ஒண்டு, நான் குடிச்சது, அது என்ர காசு, இதில சேராது."

முழுவதையும் தமிழில் வாசித்து முடித்துவிட்டு, திரும்ப முதலில் இருந்து சிங்களத்தில் வாசிப்பார். எங்கள் தோட்டத்தில் சிங்கள வீடுகள் நாலு. அந்த நாலு வீட்டில் இருந்து கூட்டத்துக்கு வருவது சிறிபால அய்யே மட்டும். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். அதைச் சொல்லியும் பார்த்தோம். அன்ரி கேட்கவில்லை.

மீன் விற்கும் ரோசக்கா பின்வரிசையில் இருந்து கத்துவா. "அன்ரி, குசினியில சோறு கிடக்கு, அடிப்பிடிக்கப் போகுது. நீங்க விட்ட மூச்சையும் வாசிச்சுப்போட்டு எங்களை விடுங்கோ."

"மூச்சுக்குச் சங்கம் காசு குடுக்கிறேல்ல, ரோஸ். இரு."

ஒருதரம் நானே கேட்டேன். "அன்ரி, எழுதித்தானே வச்சிருக்கிறீங்க. பிறகேன் வாசிக்கிறீங்க?"

"இங்க எத்தினை பேருக்கு வாசிக்கத் தெரியும்?"

அன்ரி கொப்பியை மூடினார்.

"எழுதி வச்சால் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் கணக்கு. வாசிச்சால்தான் எல்லாருக்கும்."

என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்காகச் சொன்ன மாதிரி இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். சங்கத்துக்கு வரும் கவரை அவர் வீட்டில் உடைக்கமாட்டார். பாங்க் கடிதம் என்றாலும், கல்லறைக் கந்தோர்க் கடிதம் என்றாலும், ஒட்டினபடியே கூட்டத்துக்குக் கொண்டுவருவார். எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுக் கிழிப்பார். சங்கத்துக்கு வந்ததைத் தான் முதலில் பார்ப்பது சரியில்லையாம். சாவு வீட்டிலும் அப்படித்தான். முப்பத்தோராம் நாள் செபம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், அந்தச் சாவுக்குச் சங்கம் செலவழித்ததை அந்த வீட்டிலேயே நின்று வாசிப்பார்.

ஒரு வீட்டில் தகப்பன் செத்துப்போனார். அண்ணன் கனடாவில். தம்பிக்காரன் அன்ரியைத் தனியாக வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். நான் கூடாரக் கம்பி கழற்றிக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்டது.

"அன்ரி, பெட்டி விலையைக் கொஞ்சம் கூட்டி எழுதித் தாங்கோவன். அண்ணன்தான் குடுக்கப்போறான். அவனுக்கு அது காசே இல்ல."

அன்ரி கோபப்படவில்லை. யோசித்த மாதிரி நின்றார். பிறகு சொன்னார். "எழுதலாம் மகன். ஆனா நான் வாசிக்க வேணுமே."

அவன் என்னிடம் வந்து கூடாரக் கம்பியைப் பிடித்தான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, இந்தச் சின்ன நாட்டுக்குள் வெளிநாட்டுக் காசும் வந்தது. தெருவுக்குத் தெரு ஒரு பலகை. உதவி நிறுவனம், அபிவிருத்தி நிறுவனம், நிலையம், மையம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில், மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து அப்படி ஒரு நிறுவனத்தின் கந்தோர், அதாவது அலுவலகம், நடந்தது. அங்கே எனக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. ஆறு மாதக் கொன்ட்ராக்ட். முடிய முடியப் புதுப்பிப்பார்கள். நல்ல சம்பளம். வேனுக்குள் ஏசி. மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில்.

அந்தக் கந்தோர் எங்கள் சங்கத்துக்கும் காசு கொடுத்தது. கடலில் ஆட்களைக் கொடுத்துவிட்டுக் கொழும்பில் சொந்தக்காரரிடம் வந்து ஒண்டியிருந்த குடும்பங்களுக்குச் செத்தவீட்டுச் செலவு, முப்பத்தொன்றுச் செலவு. அதற்கென்று கணக்காகக் கொடுத்த காசு. அன்ரியைக் கையெழுத்துப் போட நான்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். காலி வீதியில் அவர் ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் அலுத்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நாட்டு அளவுக்கு இவ்வளவு பலகையோ தம்பி? இவையெல்லாம் கணக்கை ஆருக்கு வாசிச்சுக் காட்டுகினம்?"

"வெளிநாட்டுக்கு அனுப்புவினம் அன்ரி. ரிப்போட் அடிச்சு."

"அங்க இருக்கிறவைக்கு இங்க ஆர் செத்தது, ஆர் சாகேல்ல எண்டு தெரியுமே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது அவருக்கு உண்மையான கேள்வி.

அந்தக் காசை அன்ரி செலவழித்த விதம் எனக்குத் தெரியும். வேனில் கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான். முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை. ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர் பெயரைக் கேட்டு எழுதினார். கொடுத்ததை அந்த வீட்டு வாசலில் நின்று வாசித்தார். ஒரு பெண் மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவள். மூன்று பெயரையும் அன்ரி வாசிக்கும்போது அவள், "இன்னொருக்கா வாசியுங்கோ," என்றாள். அன்ரி வாசித்தார். அவள் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் வாசித்தார். நான் வேனுக்குள் போய் இருந்துகொண்டேன்.

குடும்பங்கள் முடிந்தன. காசு முடியவில்லை. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் மிச்சம். அன்ரி அதைக் கூட்டத்தில் வாசித்தார். "இது அவையின்ர காசு. திருப்பிக் குடுக்கப்போறன்," என்றார். ரோசக்கா, "எங்கட கதிரை எல்லாம் கால் உடைஞ்சு கிடக்கு அன்ரி," என்று சொல்லிப் பார்த்தா. "கதிரைக்கெண்டு தரேல்ல," என்றார் அன்ரி. முடிந்தது.

அவருக்கு ஒரு சட்டம். பற்றுச்சீட்டு வராமல் சல்லி கையை விட்டுப் போகக்கூடாது. மிச்சக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அன்று அவருக்குக் காய்ச்சல். கவரில் போட்டு என்னிடம் தந்தார்.

"சீட்டு வாங்கிக்கொண்டு வா. இண்டைக்கே வேணும் எண்டில்ல. நீதானே கொண்டுபோறாய்."

அவர் அந்தச் சட்டத்தை முறித்தது எனக்குத் தெரிய அந்த ஒரு தடவைதான்.

கந்தோரில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான சேர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"என்னப்பா இது? ஆரும் மிச்சக் காசு திருப்பிக் குடுக்கிறதோ? மற்ற எல்லாச் சங்கமும் முழுக்கச் செலவு எண்டு எழுதியாச்சு. இதை வாங்கினா நாங்கள் குடுத்தது பிழை எண்டாகும். அடுத்த வருசம் வெளிநாட்டுக்காரன் காசை வெட்டிப்போடுவான்."

"அப்ப திருப்பிக் கொண்டுபோகட்டோ சேர்?"

"வை, வை." கவரை மேசை லாச்சிக்குள் போட்டார். "உங்கட சங்கத்து ஆக்களின்ர லிஸ்ட் ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும். உம்முடைய நிரந்தர வேலைக் கடிதம் இந்த மாசம் டிரெக்டரிட்டப் போகுது. நான்தான் எழுத வேணும்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அன்ரியிடம் போய் லிஸ்ட் கேட்டேன். கந்தோர் ஃபைலுக்கு என்றேன். "சீட்டு?" என்றார். "பிறகு தருவினமாம்," என்றேன். தன் கையால் எழுதிய லிஸ்டைத் தந்தார். அழகான எழுத்து. எனக்கே வாசிக்க முடிந்த எழுத்து.

சேர் பேனையை என்னிடம் நீட்டினார். "ஏழு பேருக்குப் புள்ளடி போடும்."

"என்னத்துக்கு சேர்?"

"செத்தவீட்டுச் செலவு. ஏழு பேருக்குப் பிரிச்சால் கணக்குச் சரி."

"இவை சாகேல்லையே சேர்."

"பேப்பரிலதானே."

நான் ஏழு பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். எனக்குச் சுகமாக வாசிக்க வந்த பெயர்களாகப் பார்த்துப் போட்டேன். லிஸ்டில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

இரண்டு கிழமையில் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது. அதே நாள் சேர் ஒட்டிய கவர் ஒன்றும் தந்தார். ரிப்போட்டின் கொப்பி. சங்கத்தின் ஃபைலில் கிடக்க வேண்டுமாம், ஓடிட்டர்கள் கேட்டால் காட்டுவதற்கு. "அவ வாசிக்கவெல்லாம் தேவையில்ல. சும்மா ஃபைல்ல போடச் சொல்லும்," என்றார்.

அவருக்கு அன்ரியைத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபைலில் போடுங்கோ அன்ரி என்று சொன்னேன். கவரை வைத்திருக்காமல் கடலில் எறிந்திருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. கந்தோர்க் கவரை எறிந்தால் வேலை போய்விடும் என்றுதான் யோசித்தேன்.

இரண்டாவது ஞாயிறு. அன்ரி கவரைத் தூக்கிக் காட்டினார். கிழித்தார். முதலாவது தாள் இங்கிலீசு. அதைத் தமிழில் சொன்னார். பிறகு இரண்டாவது தாள்.

"மரணச் செலவு குடுத்த விபரம்," என்று தொடங்கினார். "ஒண்டு. ரோஸ்மேரி…"

பின்வரிசையில் ரோசக்கா எழும்பினா. "அன்ரி, நான் இங்க இருக்கிறன்!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. "செத்தும் வாய் மூடேல்ல," என்று ஒருவர் சொன்னார். அன்ரி சிரிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. தொடங்கினால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பதுதான் அவர் பழக்கம். இரண்டாவது பெயர். மூன்றாவது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொகை. நாலாவது சிறிபால அய்யே. அவர் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்டார். "மம மெருணாத?" நான் செத்துப்போனேனா என்று. அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிசனுக்கு நெஞ்சு வருத்தம். ஐந்தாவது பெயருக்கு அந்த வீட்டு மகள் அழத் தொடங்கினாள்.

அன்ரி ஏழையும் வாசித்தார். தொகையைக் கூட்டி வாசித்தார். மிச்சம், பூச்சியம். தாளை மடித்தார்.

"இந்தப் பேர்கள் எப்பிடிப் போனது?"

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். கடிதம் வீட்டில், அலுமாரிக்குள், சேலைக்குக் கீழே இருந்தது.

"இந்தப் பேர்கள் எப்பிடிப் போனது எண்டு ஆருக்காவது தெரியுமோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலே, சுவரைப் பார்த்தார்.

"கடைசியாக் கேக்கிறன்."

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஒருவர் எழும்பினார். "அன்ரி, அப்ப மிச்சக் காசு எங்க? திருப்பிக் குடுத்ததெண்டால் சீட்டு எங்க?"

"சீட்டு இல்ல."

"ஆரிட்டக் குடுத்தீங்க?"

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "லிஸ்ட் போனது என்ர கையால. சீட்டு வாங்காமல் காசை விட்டது என்ர பிழை. அப்பிடியே எழுதிக்கொள்ளுங்கோ."

பிறகு, வழக்கம் போல, எல்லாவற்றையும் முதலில் இருந்து சிங்களத்தில் வாசித்தார். ஏழு பெயரையும். தன் பிழையையும்.

அடுத்த மாதம் புதிய தனாதிகாரி. அன்ரியை விலத்துவதற்குச் சம்மதமானவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன். உயர்த்தாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று. என் கைக்கு முன்னால் எத்தனை கை, பின்னால் எத்தனை கை என்று நான் பார்க்கவில்லை. ரோசக்காவின் கை கீழே இருந்தது. அது மட்டும் கண்ணில் பட்டது.

அன்ரி சங்கத்தை விடவில்லை. மாதம் மாதம் வந்தார். பின்வரிசையில் இருந்தார். சந்தாவைக் கட்டினார். சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். தேத்தண்ணிக்கு அதே மாதிரித் தன் காசைப் போட்டார். கணக்கு வாசிப்பது நின்றது. புதியவர் தாளைச் சுவரில் ஒட்டினார். முப்பத்தொன்றுக்கு வாசிப்பதும் நின்றது. நான் சுவரடியில் போய் நிற்பேன். எல்லாம் சின்ன எழுத்து. கொஞ்ச நேரம் வாசிக்கிற மாதிரி நின்றுவிட்டு வருவேன்.

என் நிரந்தர வேலை மூன்று வருடம் நிரந்தரமாக இருந்தது. பிறகு வெளிநாட்டுக் காசு நின்றது. கந்தோரைப் பூட்டினார்கள். பலகையையும் கழற்றினார்கள். சேர் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். நான் திரும்பவும் கொட்டாஞ்சேனைச் சந்தியில் வாடகை வேன். சங்கத்துக் கூடாரமும் கதிரையும் ஏற்றி இறக்குவதும் நான்தான்.

அன்ரிக்கு வயது போக, வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சியின் மகள் தன் அடுக்குமாடிப் பிளட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசியில் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களக் கிழவி. அவருடைய மருந்துத் துண்டை அன்ரி அவருக்குச் சிங்களத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். குரல் மெலிந்திருந்தது. வரி விடவில்லை.

நான் கொண்டுபோன பையைப் பார்த்தார். "தோடம்பழம் என்ன விலை?"

சொன்னேன்.

"விலை கூட." பிறகு என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, ஏதும் சொல்ல வந்தனியோ?"

"இல்ல அன்ரி. சும்மா பாக்க வந்தனான்."

"ஓம்," என்றார். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால்மணித்தியாலம் இருந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவர் போய்விட்டார். சந்தா ஒரு மாதமும் பிந்தவில்லை. அதனால் சங்கம் எல்லாம் செய்தது. கதிரை இறக்கியது நான்.

முப்பத்தோராம் நாள் அந்த வெள்ளவத்தைப் பிளட்டில். தோட்டத்தில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். புதிய தனாதிகாரி வரவில்லை. கணக்குத் தாளைக் கவரில் ஒட்டி என்னிடம் தந்துவிட்டிருந்தார். செபம் முடிந்தது. நான் கவரை அன்ரியின் பெறாமகளிடம், அந்தத் தங்கச்சியின் மகளிடம், நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பெரியம்மா சொல்லி வச்சவ, இதை வாசிக்க வேணும் எண்டு. ஆராவது வாசியுங்கோ."

எல்லோரும் ஆளை ஆள் பார்த்தார்கள். மூலையில் இருந்து ரோசக்கா சொன்னா. இப்போது அவவுக்குக் காது மந்தம். குரல் மட்டும் அதே குரல்.

"அவன் வாசிக்கட்டும். கவர் கொண்டுவாறவன் அவன்தானே."

கவரைத் தூக்கிக் காட்டினேன். கிழித்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெட்டி ஒன்று. வெள்ளைத் துணி. பூ. கூடாரம். கதிரை ஏற்றி இறக்கிய கூலி, அது எனக்கு வந்த காசு, அதையும் வாசித்தேன். நேரம் எடுத்தது. குசினியில் சாப்பாடு ஆறியது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி வரியில் மொத்தம். வாசித்தேன்.

தாளை மடிக்க முடியவில்லை. நின்றேன்.

"அண்டைக்கு அந்த ஏழு பேருக்கும் புள்ளடி போட்டது நான். மிச்சக் காசைக் கொண்டுபோனதும் நான். அன்ரி எடுக்கேல்ல."

பெறாமகள் என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ரோசக்கா கேட்கவில்லையோ என்று நினைத்தேன். திரும்பச் சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டது," என்றா. "அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும். லிஸ்ட் வாங்க நீ வந்ததைத் தோட்டம் முழுக்கப் பாத்தது. அவ தன்ர பிழை எண்டு எழுதச் சொன்னதால ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அண்டு பின்னேரம் நான் அவவிட்டப் போய்ச் சண்டை பிடிச்சனான், ஏன் அவன்ர பேரைச் சொல்லேல்ல எண்டு."

"என்ன சொன்னவ?"

"அவன் எழும்புவான் எண்டு நினைச்சனான் எண்டவ. அதுக்குத்தானாம் மூண்டு தரம் கேட்டது."

பெறாமகள் சாப்பாடு போடப் போனாள். சிறிபால அய்யேயின் மகன் ஒருவன் வந்திருந்தான். தமிழ் தெரியாதவன். வாசலோடு ஒரு கதிரையில் இருந்தான். ரோசக்கா அவனைக் கையால் காட்டினா.

"அவனுக்கும் விளங்க வேணும். சிங்களத்திலயும் வாசி."

நான் தாளைத் திரும்ப விரித்தேன். முதலில் இருந்து தொடங்கினேன்.